தேய்ந்த உரலுக்குக் கெட்டி மாவு

இன்னும் அமுக்கச் சொன்னார் ஆய்வாளர்.

அவள் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அமுக்கினாள்.

முப்பது வயதுக் கார் ஆர்டிஓ மைதானமே திரும்பிப் பார்க்கும்படி உறுமியது. சைலன்சருக்குள் புகை அளக்கும் கருவியின் குழாயைச் செருகிவிட்டு, ஆய்வாளர் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கு வெளியே அவள் கொழுந்தன் சேர்மராஜ் நின்றான். கூடவே பழைய இரும்பு வாங்கும் பீர்முகமது. கார் தேறாவிட்டால் இங்கிருந்தே கட்டி இழுத்துப் போக, வேனும் கயிறும் தயாராக வந்திருந்தன. எல்லாம் கொழுந்தனின் ஏற்பாடு. அந்த வேன் வந்து நின்றபோது கக்கிய நீலப் புகை இன்னும் வேப்பமரத்தடியை விட்டுப் போகவில்லை.

என்ன நல்ல மனசு பாருங்கள்.

கார் போனால் அவள் பிழைப்பும் போனது. தினமும் காலையில் மூன்று ஹாஸ்டலுக்கு இடியாப்பம் அதில்தான் போகிறது.

போன மாதம் வரை எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. சேர்மராஜ்தான் அக்கறையாக ஆயில் மாற்றிக் கொடுத்தான். புதுக் கார்களுக்கு ஊற்றுவது, கடையிலேயே விலை கூடியது, தண்ணீர் மாதிரி இருந்தது. பத்தே நாளில் பின்னால் நீலப் புகை. தினமும் ஆயில் குறைந்தது. எஞ்சின் செத்துப்போச்சு என்றான் அவனே. மெக்கானிக்கும் தலையாட்டினார்.

ரேடியேட்டர் ஒழுகியபோது மஞ்சள்தூள் போட்டு அடைத்தவள். பெட்ரோல் டாங்க் கசிந்தபோது சலவை சோப்பைத் தேய்த்து நிறுத்தியவள். புகைக்கு மட்டும் கைவைத்தியம் தெரியாமல் இரண்டு நாள் அழுதாள்.

மூன்றாம் நாள் மாவில் வெந்நீர் கூடிவிட்டது.

பிழிந்தாள். பல வருடம் பிழிந்து தேய்ந்த இடியாப்ப உரல். இளகிய மாவு கீழே இறங்கவில்லை. அமுக்கும் கட்டையின் ஓரமாக மேலே பிதுங்கி, கையெல்லாம் வழிந்தது.

சீ என்று உதறப் போனவள் அப்படியே நின்றாள்.

உரலோ எஞ்சினோ, உள்ளே தேய்ந்தது எதுவானாலும் ஊற்றுவது கெட்டியாக இருக்க வேண்டும். தினமும் மாவு பிசைகிறவளுக்கு இது தெரியாமல் போயிற்றே!

அன்றைக்கே அந்தத் தண்ணீர் ஆயிலை வடித்தாள். அதெல்லாம் பழைய காலத்துச் சரக்கு என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல, இருபது ஐம்பது என்று டப்பாவில் போட்டிருக்கும் கெட்டி ஆயிலை வாங்கி ஊற்றினாள்.

கருவி கீச்சென்றது. ஆய்வாளர் எண்ணைப் பார்த்தார். காரை ஒருமுறை சுற்றி வந்தார். கையெழுத்துப் போட்டார்.

அவள் கேட்டைத் தாண்டி ஓட்டி வந்து, பீர்முகமதின் வேனை ஒட்டி நிறுத்தினாள். வேண்டுமென்றேதான். எஞ்சினை அணைக்கவும் இல்லை.

சேர்மராஜ் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

பீர்முகமது தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து சைலன்சருக்குப் பின்னால் பிடித்தார். விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

பிறகு தன் வேனைப் பார்த்தார்.

"யக்கா, என்ன ஆயிலு ஊத்துனிய?"

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். டிக்கியைத் திறந்து, மீதி இருந்த டப்பாவை எடுத்தாள்.

வேனின் பானட்டைத் திறக்கச் சொன்னாள்.

சேர்மராஜிடம்.