மணிக்கட்டில் பச்சை

வெள்ளிக்கிழமை ஆனால் சகாயமேரி பையில் நீலவிளக்கோடு முபீனாவின் வீட்டுக்கு வந்துவிடுவாள். விபத்தில் இறந்த அவள் மகன் டெல்வினின் எலும்பு மஜ்ஜைதான் முபீனாவைப் பிழைக்க வைத்தது. அந்த உயிரணுக்கள் உடலில் பிடிக்கின்றனவா என்று பார்க்க அவற்றுக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். விளக்கைக் காட்டினால் முபீனாவின் மணிக்கட்டில் பச்சைப் புள்ளிகள் ஓடும்.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது சாயமும் பாதியாகிவிடும். சாயம் மங்கினால் உயிரணுக்கள் பெருகுகின்றன என்று பொருள், அது நல்லதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இந்த வாரம் முபீனா தன்னிடமிருந்த இன்னொரு நீலவிளக்கில் தானே பரிசோதித்தபோது ஒரு புள்ளிகூட இல்லை. அவளால் மகிழ முடியவில்லை. பாடப்புத்தகத்தில் கோடு போடும் பச்சை ஹைலைட்டரால் மணிக்கட்டில் நாலைந்து புள்ளி வைத்துக்கொண்டாள்.

சகாயமேரி விளக்கை நீட்டி வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னைக்கு ஒரே இடத்துல நிக்கானே."

"களைச்சிருப்பாரும்மா."

"அவனா? ஒரு இடத்துல நின்ன பயலா அவன்?"

ஆசையாகத் தடவினாள். பெருவிரலில் பச்சை ஒட்டியது. முபீனா தலை குனிந்தாள்.

சகாயமேரி விளக்கை அணைத்தாள். விரல்களை நகர்த்தி நாடியைத் தேடிப் பிடித்தாள்.

"இந்தா, ஓடுதான்ல. மையை வீணாக்காத பிள்ள. அடுத்த வெள்ளிக்கு விளக்கு வேண்டாம், கருவாடு கொண்டாரேன்" என்றாள், கையை விடாமல்.