மாமியார் வீட்டு மாத்திரை

அஸ்லம் தூங்குவதுபோல் கண்ணை மூடிக் கிடந்தான். இந்தத் தடவை கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்ற முடிவோடு இருந்தான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல். அதன் மேல் தண்ணீர், ஒரு சின்னத் தட்டில் காய்ச்சல் மாத்திரை. மத்தியானத்திலிருந்து இதே தட்டில் வைத்த இரண்டு மாத்திரைகள் அவன் கண்ணசந்த நேரத்தில் காணாமல் போயிருந்தன.

திரை அசைந்தது. வளையல் போட்ட கை ஒன்று நீண்டு, மாத்திரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அது மாமியார் சம்சுன்னிசாவின் கை. அந்த வளையலே அவன் தோஹாவிலிருந்து வாங்கி வந்து கொடுத்ததுதான்.

காயல்பட்டினத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அஸ்லம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மாமி இன்னும் புது மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றதில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, மகள் வழியாகத்தான்.

"அஃபீஃபா" என்று கூப்பிட்டான். மனைவி ஓடி வந்தாள்.

"மாத்திரை போட்டாச்சா மச்சான்?"

"எங்க போட? உங்க உம்மா எடுத்துட்டுப் போயிட்டாஹ."

"உம்மாவா?"

"என் கண்ணால பாத்தேன். இதோட மூணு. நான் என்ன பிரியாணியா கேட்டேன்? காய்ச்சக்காரனுக்கு ஒரு மாத்திரை."

அஃபீஃபாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உம்மா கொஞ்சம் சிக்கனந்தான். அதுக்காக இதுலயா..." என்று இழுத்தாள்.

அவன் கவலை அவனுக்கு. சனிக்கிழமை விமானம். திங்கள்கிழமை வேலையில் சேராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான். லேசுப்பட்ட வேலையில்லை. முந்நூறு தொழிலாளர்களுக்கு சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போடு, பெல்ட்டை மாட்டு, லேபிளைப் படிக்காமல் எந்த டப்பாவையும் தொடாதே என்று தினமும் தொண்டை வற்றக் கத்துகிற உத்தியோகம்.

காய்ச்சலுக்கு இது மூன்றாம் நாள். அதனால் இன்று காலையிலிருந்து யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி விழுங்கினான். நாலு சேர்ந்தால் நாலு மடங்கு வேகமாக இறங்கும் என்று கணக்கு. அதுவும் போக, மாமியார் வீட்டில் கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் மாப்பிள்ளைக்கு அழகில்லை.

மாமனார் ஷாகுல் ஹமீது உள்ளே வந்தார். இருபத்திரண்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். ஊர் மாத்திரையை அவர் மாத்திரை என்றே மதிப்பதில்லை.

"மாப்பிள்ள, காலைல தந்தது கேட்டுச்சா? இந்தாங்க, இன்னும் ரெண்டு போடுங்க. துபாய் மாத்திரை. நம்மூரு மாத்திரை நடந்து போனா இது ஃப்ளைட்டுல போவும்."

"தாங்க மாமா. மாமி எடுக்கதுக்கு முன்னால போட்டுருதேன்."

நடந்ததைக் கேட்டதும் மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"ஏளா சம்சு, மாப்பிள்ள மாத்திரையிலயா சிக்கனம் பாக்குறது? வெளிய தெரிஞ்சா நாலு பேரு சிரிக்க மாட்டாஹ?"

திரை விலகி வளையல் கை தெரிந்தது. அஃபீஃபாவை மட்டும் உள்ளே வரச் சொல்லிச் சைகை காட்டியது.

அஸ்லம் இரண்டு மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டம்ளரை எடுத்தான்.

"மச்சான், விழுங்கிராதீங்க." அஃபீஃபா ஒரு தட்டோடு ஓடி வந்தாள்.

தட்டில் காணாமல் போன மூன்று மாத்திரைகளும் இருந்தன. கூடவே நாலு அட்டைகள். அஃபீஃபா கொடுத்தது ஒன்று. அவன் உம்மா ஆட்டோவில் கொடுத்தனுப்பிய சளி மாத்திரை ஒன்று. மாமாவின் துபாய் மாத்திரை. நாலாவது, யாருக்கும் தெரியாமல் அவனே வாங்கித் தலையணைக்கடியில் வைத்திருந்த தலைவலி மாத்திரை.

முன்பக்கம் நாலுக்கும் நாலு பெயர். திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரே ஒரு வார்த்தைக்கு அடியில் கண்ணுக்கிடும் சுருமாவால் கோடு போட்டிருந்தது. நாலிலும் அதே வார்த்தை. பாராசிட்டமால்.

கீழே, மாமி திரை வழியே பார்த்துக் குறித்து வைத்த ஒரு துண்டுத் தாள். 'காலை 7 மகள். 8 சம்பந்தி அனுப்பியது. 9 இவுஹ, ரெண்டு. 10 தலையணைக்கடி, மாப்பிள்ளையே.'

அஃபீஃபா மூச்சு வாங்கச் சொன்னாள். "நாலுலயும் இந்த ஒரே மருந்துதான் இருக்காம் மச்சான். உம்மா மெடிக்கல்காரர்ட்ட போன்ல கேட்டாஹளாம். ஒண்ணு போட்டா ஆறு மணி நேரமாவது விட்டுத்தான் அடுத்தது போடணுமாம். கூடிப்போனா ஈரலுக்கு ஆபத்தாம். வாப்பாட்ட சொன்னதுக்கு, துபாய் மாத்திரையும் நம்மூரு மாத்திரையும் ஒண்ணாகுமான்னு சிரிச்சாஹளாம். அதான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்காஹ."

ஷாகுல் ஹமீதுக்குத் திடீரென்று வெளியே ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது; செருப்பைத் தேடப் போனார்.

"மூணு நாளாச்சு, இவ்வளவு மாத்திரையும் போட்டாச்சு, இனி டாக்டர்ட்டதான் காட்டணும்னு உம்மா ஆட்டோவுக்குச் சொல்லிட்டாஹ. வாசல்ல நிக்கி. இந்தத் தாளையும் டாக்டர்ட்ட குடுக்கணுமாம்."

அஸ்லமுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மெதுவாகக் கேட்டான்: "உங்க உம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?"

"எழுத்துக்கூட்டித்தான். ஒரு அட்டைக்கு அரை மணி நேரம் ஆச்சாம்."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக மாமியின் குரல் அவன் காதுபடவே வந்தது.

"மாப்பிள்ளக்கிட்ட சொல்லு அஃபீஃபா. அங்கன முந்நூறு பேருக்கு லேபிளப் படிக்கச் சொல்லிக் குடுக்காஹ, பாவம், லீவுலயும் படிக்க முடியுமா? இங்கன நான் படிச்சுக்கிடுதேன்."