இன்று விடுமுறை

இனி ஊரே போனில்தான் பார்க்கும் என்று, எங்கள் மெஸ்ஸின் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குக் கூரை போட்ட புத்திசாலி நான். கோயில் கொடை விழாவுக்குப் போகும்போது, போனில் இருக்கும் எங்கள் மெஸ் பேஜில் ‘இன்று விடுமுறை’ என்று போட்டேன். திரும்பி வந்தால் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. ஒரு மாதமாகப் போனில் எங்களுக்கு விடுமுறை. சாப்பிட ஆளில்லை.

இன்று மதியம் ஒருவர் வாசலில் நின்று போனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“லீவுன்னுல்லா போட்டிருக்கு அண்ணாச்சி?”

“தொறந்துதான் இருக்கு. உள்ள வாங்க, சாளைமீன் குழம்பு.”

“நாளைக்குத் தொறப்பீங்கல்லா? அப்ப வாறேன்.”

இலையில் தெளித்த தண்ணீர் காய்ந்தது. என் மனைவி செண்பகம் குழம்புச் சட்டியை மூடினாள்.

“ஏங்க, நெசமாவே நாம தொறந்துதான வச்சிருக்கோம்?”

சிரிப்பதற்குத்தான் கேட்டாள். நான் தெருவில் இறங்கி நின்று, ஒருமுறை கடையைப் பார்த்தேன்.