அரைப்பேர்

"இன்னிக்கு ஒரு நாளைக்காவது வாயத் தொறக்காம இரு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று மகள் ஜீவராணியிடம் கெஞ்சினாள் வீரம்மா.

ஜீவராணியின் வாய்க்கு அந்தத் தேயிலைத் தோட்ட லயத்தின் வரிசை வீடுகளே பயப்படும். பெண் பார்க்க வருகிறவர்கள் மட்டும் தப்புவார்களா?

"சரி, தொறக்கல. ஆனா தம்பிய அடுத்த காம்பராவுல பூட்டி வைக்கக் கூடாது. எம் பக்கத்துலதான் இருப்பான்."

தம்பி வினோஜனுக்கு இருபது வயது. சொந்தமாக ஒரு வார்த்தை பேசமாட்டான், பிறர் பேசியதைத்தான் திருப்பிச் சொல்வான். கிளிப்பேச்சு என்று லயத்தில் சிரிப்பார்கள். ஆனால் பசி வந்தால் மட்டும், அம்மாவின் குரலிலேயே "சோறு ஆறுது, வா" என்பான். காலையில் அம்மாவோடு பெரட்டுக்களத்துக்குப் போய், கங்காணி ஆட்களுக்கு வேலை பிரித்து அன்றைய கூலிக்குப் பேர் போடுவதை வேடிக்கை பார்ப்பான்.

தலவாக்கலையிலிருந்து வந்தவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே வினோஜனை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"இந்தத் தம்பிக்கு என்ன?" என்றாள் மாப்பிள்ளையின் தாய் நாகலெட்சுமி.

"ஆட்டிசம்னு டாக்டர் சொன்னாருங்க" என்றாள் வீரம்மா.

மாப்பிள்ளையின் தகப்பன் கணேசமூர்த்தி, தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். "நம்ம பாஷையில சொல்லுங்க, அரைப்பேரு!" என்று சிரித்தார்.

கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான், அதுதான் அரைப்பேர். அதை ஒரு மனிதனுக்கே போட்டுவிட்டு, அந்தப் பெரிய மனிதர் இன்னொரு முறுக்கை எடுத்தார். மாப்பிள்ளை விஜிதரன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். ஜீவராணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பொறுத்துக்கொண்டாள்.

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றாள் நாகலெட்சுமி. "கல்யாணத்தன்னிக்கு மட்டும் இவன எங்கயாச்சும் கண்ணுல படாம வச்சிருங்க. நாலு பேரு வர்ற எடம் பாருங்க. அப்பறமும் எங்க வீட்டுப் பக்கம் கூட்டியாந்துறாதீங்க."

வீரம்மா தலையாட்டப் போனாள். ஜீவராணி பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள்.

வினோஜன் எழுந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வாசல் பக்கம் கையை நீட்டினான். பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்களைத் திருப்பி விரட்டும் கங்காணியின் குரல், அட்சரம் பிசகாமல் வந்தது.

"இன்னிக்கு ஒனக்குப் பேரு இல்ல. வீட்டுக்குப் போ!"