அக்கா திட்டுற வார்த்தை

பைக் விபத்தில் இறந்துபோன தம்பியின் பழைய லேப்டாப்பை அக்கா ரிப்பேர் கடை மேஜையில் தொப்பென்று போட்டாள்.

"பாதியிலேயே நின்னுடுது. அவனை மாதிரியே!"

மெக்கானிக் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "இதுதாம்மா போயிடுச்சு. இது இல்லாம ஒண்ணுமே வராது, பாருங்க." பட்டனை அழுத்திக் காட்டினார்.

திரை ஒளிர்ந்தது. தம்பியின் படத்துக்குக் கீழே பாஸ்வேர்டு கேட்டது. மறந்துபோனால் உதவ ஒரு குறிப்பும் இருந்தது: 'அக்கா திட்டுற வார்த்தை.'

மெக்கானிக் எழுந்து பின்னால் நகர்ந்தார். அவள் நகரவில்லை. 'எருமை' என்று விசைகளைக் குத்தினாள். திறந்துகொண்டது.

"மெதுவாப் போடான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியாடா?" என்று கத்தினாள்.

வெறும் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'மெதுவாத்தான்க்கா போனேன்.'