நகம் வெட்டும் நாள்

வெட்டுவதற்கு நகமே இல்லை.

ஷூவை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்று குளியலறைப் பக்கம் குரல் கொடுத்த பிறகுதான், இன்று குண்டனுக்கு நகம் வெட்டும் நாள் என்பது அவளுக்கு நினைவு வந்தது. கதவைத் திறக்காமல் கூடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாயின் முன்காலைத் தூக்கி மடியில் வைத்து நகவெட்டியை நீட்டியவள் பாதியிலேயே கையை நிறுத்திவிட்டாள்.

நாலு காலிலும் நகம் மழுங்கத் தேய்ந்திருந்தது. யாரோ அரத்தால் ராவிவிட்டாற்போல.

இதைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. நாய்க்கும் பூனைக்கும் உடற்பயிற்சித் திட்டம் போட்டுத் தருகிறவள். மூட்டு வலி வந்த நாய் எவ்வளவு தூரம் நடக்கலாம், படி ஏறலாமா கூடாதா. பெருத்துப்போன பூனையைக் குதிக்க வைக்க இறகை எந்த உயரத்தில் ஆட்டுவது, தீனியை எந்தப் பலகையில் ஒளிப்பது. எல்லாம் படித்துவிட்டு வந்திருந்தாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான்.

"நாயை நடக்க வைக்கிறதுக்கெல்லாம் ஒரு பட்டமா?" என்று சித்தப்பா நாலு பேர் முன்னால் கேட்டபோது அப்பாதான் வாயை அடைத்தார். "உன் வீட்ல நாய்கூடப் படிக்கலையேடா."

அந்த அப்பாதான் இப்போது உள்ளறையில் படுத்திருந்தார்.

'தினமும் நடத்துறோம் மேடம்' என்று கிளினிக்கில் யார் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். பாதத்தைத்தான் தூக்குவாள். வழவழப்பான தரையில் புரளும் நாய்க்கு நகம் கொக்கி மாதிரி வளையும். தார் ரோட்டில் நடந்தால்தான் இப்படித் தேயும்.

குண்டனை ரோட்டுக்கு அழைத்துப்போக இந்த வீட்டில் ஆளே இல்லை. அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவள் பொழுது அடுத்தவர் நாய்களோடு போனது. அம்மா சங்கிலியைத் தொடவே மாட்டாள். ஒரு தடவை அது இழுத்த இழுப்பில் குப்புற விழுந்து முன்பல்லைப் பறிகொடுத்தவள். அதனால் இவளே நேரம் கிடைத்தபோது வீட்டுக்குள்ளேயே பந்து உருட்டி, நாற்காலிக்கு அடியில் நுழைய விட்டு, ஏதோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் யார்?

கீழே இருக்கும் வாட்ச்மேனா? அவனிடம் சாவி ஏது?

விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தாள். துளி மண் இல்லை. ரோட்டில் நடந்த நாயின் விரலிடுக்கு இத்தனை சுத்தமாக இருக்காது. மோந்து பார்த்தாள். துணி சோப்பு வாசனை.

ஒளிக்கிறவர்கள்தான் துடைப்பார்கள்.



வெளியூர் கால்நடை மருத்துவமனையிலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிட்ட அன்று அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை அவர் இடுப்புதான் சொன்னது. எழுந்திருக்க முடியவில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது.

அவருக்கும் அவள்தான் பயிற்சி போட்டாள். படுத்தபடியே பாதத்தை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும், முட்டியை மெல்ல மடக்க வேண்டும். ஒவ்வொரு மடக்கலுக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவார். "நாய்க்குப் பாக்குற மாதிரியே பாக்குறியே பாப்பா" என்று கண் கலங்கச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இன்று மதியம் அந்த வெளியூர் மருத்துவமனைக்குப் போன் போட்டு, வேலை வேண்டாம் என்று சொல்லிவிட முடிவு செய்திருந்தாள். இன்றுதான் அவர்கள் கொடுத்த கடைசி நாள்.

சே, என்ன புத்தி இது. பெற்ற அப்பாவைப் போய்.

ஆனாலும் தினமும் காலையில் அவர் கேட்பது காதில் வந்து உட்கார்ந்தது. 'இன்னும் கிளம்பலையா பாப்பா? லேட்டாகப் போகுது.' அக்கறை என்றல்லவா நினைத்திருந்தாள்.

எழுந்தாள். கதவுக்குப் பின்னால், ஆணியில் தொங்கிய சங்கிலியைக் கழற்றினாள். கலகலவென்று சத்தம் போட்டது.

சங்கிலிச் சத்தம் கேட்டால் எந்த நாயும் வாசலுக்குத்தான் பாயும்.

குண்டன் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விழுந்தடித்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடியது. அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, வாலால் தரையைப் பெருக்கியபடி, போர்வைக்குள் இருந்த அவர் கால்களையே பார்த்தது.

அவள் பின்னாலேயே போய் நின்றாள். அப்பா கண்ணை இறுக மூடியிருந்தார்.

குளியலறையில் குழாய் நின்றது.

"ஏங்க, அதுக்குள்ள சங்கிலிய எடுக்கணுமா?" அம்மாவின் குரல். "அவ தெருமுனை தாண்டட்டும்."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. போர்வைக்குள் கால்விரல்கள் மட்டும் மடங்கின. முனகல் இல்லாமல்.

சங்கிலியை அவர் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

"தாண்டிட்டேம்மா" என்றாள்.