நோட்டீஸுக்குக் காத்திராத கப்பல்

சித்தூர் வக்கீல் சங்கக் கூடத்தில் பயிற்சி வகுப்பு நடக்கிறது. ஓட்டின் இடுக்கால் விழும் வெயில், கொச்சியிலிருந்து வந்து கப்பல் சட்டம் சொல்லித்தரும் பெரிய வக்கீலின் தோளில் கிடக்கிறது. "கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதே கோர்ட் உத்தரவு வாங்கித் தடுத்துவிட வேண்டும். கிளம்பிவிட்டால் கைக்கு எட்டாது." "நம்ம ஆத்துல கப்பல் வந்தாப் பாத்துக்கலாமுங்க" என்கிறார் ஒருவர், கூடம் சிரிக்கிறது. மாரப்பன் வக்கீலின் பேனா மட்டும் நின்றுவிடுகிறது. வரப்புத் தகராறுக்கு அனுப்புவதுபோல அவர் ஒரு கப்பல் முதலாளிக்கு நோட்டீஸ் மேல் நோட்டீஸாக அனுப்பிக்கொண்டிருந்தார். வயல் எங்கும் போகாது, கப்பல் போய்விட்டது. அடுத்துப் பேச எழுந்தவர் தொழில் தர்மத்தைத் தொடங்குகிறார்: நம் பிழையைக் கட்சிக்காரரிடம் மறைக்கக் கூடாது. மாரப்பன் வராந்தாவுக்கு வருகிறார். அங்கே அவருடைய கட்சிக்காரி, எருத்தேன்பதி கிராமத்துப் பெரியம்மாள் காத்திருக்கிறாள். அந்தக் கப்பலில் சரக்கு இறக்கும்போது விழுந்து இறந்தவன் அவளுடைய ஒரே மகன். "ஏனுங்க வக்கீலய்யா, நஷ்டஈடு எப்பக் கிடைக்குமுங்க?" "கிடைக்காதுங்க ஆத்தா. கப்பல் போயிருச்சு. நாந்தான் தாமசமாக்கிட்டேன்." அவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறாள். "உக்காருங்க சாமி. எம் மகன் விசயத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட உண்மைய நேரா வந்து சொன்னதில்லீங்க." அவர் உட்காருகிறார்.